குளிர் விடியலில் எழும்ப மறுக்கும் லொறி: எஞ்சின் ஹீட்டர் நமக்குத் தேவையா?

ஊவாவில் நம்மவர்கள் கைவைத்திருக்கும் தொழில்களில் பல சுபஹுக்கு முன்பே தொடங்கிவிடுகின்றன. வெலிமடை, ஊவா பரணகம, பொரலந்தைப் பக்கங்களில் தோட்டம் தோட்டமாகப் போய் கரட், லீக்ஸ், கோவா, போஞ்சி ஏற்றிக்கொண்டு கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போகும் லொறிகள் இருக்கின்றன. பண்டாரவளையிலும் பதுளையிலும் கடை கடையாகப் பாண் போடும் வேன்கள் இருக்கின்றன. அப்புத்தளை, பசறை, ஹாலிஎல தோட்டங்களுக்கு அரிசி, மா, சீனி கொண்டுபோகும் லொறிகளும் இருக்கின்றன. இவை எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு நிபந்தனைதான்: காலையில் திறப்பைத் திருப்பினால் எஞ்சின் எழும்ப வேண்டும்.

டிசம்பர் முதல் பெப்ரவரி வரையுள்ள குளிரில் இந்த நிபந்தனை அடிக்கடி தவறுகிறது. லொறி அரை மணித்தியாலம் பிந்தினால் சந்தையில் நல்ல விலை கைமாறிப் போய்விடும். வாடிய லீக்ஸைக் காலை விலைக்கு யாரும் வாங்குவதில்லை. பாண் பிந்தினால் கடைக்காரர் அடுத்தவரிடம் வாங்கிவிடுவார். ஒருமுறை போன வாடிக்கை திரும்பி வருவது கடினம் என்பதை வியாபாரிகளுக்குச் சொல்லத் தேவையில்லை.

அண்மைக் காலமாக இந்தத் தொல்லைக்கு மருந்தாக ஒரு பொருளின் பெயர் நம்மிடையே அடிபடுகிறது. 'எஞ்சின் புளொக் ஹீட்டர்' என்பார்கள். கனடாவில் இருக்கும் உறவினர் ஒருவர் சொல்லியிருப்பார். அல்லது குளிர் நாட்டிலிருந்து கழற்றி வந்த எஞ்சின் ஒன்றில் ஒரு வயரும் பிளக்கும் தொங்குவதைப் பார்த்திருப்போம். "இதைப் பூட்டினால் காலைத் தொல்லை தீருமா?" என்று கேட்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். பணம் செலவழிப்பதற்கு முன் இந்த விடயத்தைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்பது நல்லது.

இந்த ஹீட்டர் எங்கே பிறந்தது?

புளொக் ஹீட்டர் என்பது, கேத்தலுக்குள் இருக்கும் மின்சாரக் கொயிலைப் போன்ற ஒரு பொருள். அதை எஞ்சின் புளொக்கில் தண்ணீர் ஓடும் இடத்தில் பூட்டுவார்கள். இரவில் வீட்டு மின்சாரத்தில் செருகிவிட்டால் எஞ்சினுக்குள் இருக்கும் தண்ணீர் சூடேறும். அந்தச் சூட்டில் புளொக்கும் சிலிண்டர்களும் இளகிக் கிடக்கும். காலையில் செல்ப் அடித்தவுடன் எஞ்சின் எழும்பிவிடும். சாதாரண வாகன ஹீட்டர்கள் 400 வொட்டிலிருந்து 1500 வொட் வரை இருக்கின்றன.

இதற்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன். எஞ்சின் ஹெட்டை இறுக்கும் போல்ட் ஒன்றைக் கழற்றி, அந்த இடத்தில் சூடேற்றும் போல்ட்டைப் பூட்டும் முறைக்கு அவர் 1949 இல் காப்புரிமை பெற்றார். வட டகோட்டாவின் குளிரில் வெப்பமானி பூச்சியத்துக்குக் கீழே 30 பாகைக்கும் இறங்கும். கனடாவின் வினிபெக், எட்மன்டன் போன்ற நகரங்களில் வாகனம் நிறுத்தும் இடங்களில் மின்சார பிளக் பொயின்ட் இருப்பது சாதாரண காட்சி. வாகனங்களின் முன் கிரிலிலிருந்து வயர் தொங்கும். அங்கே பூச்சியத்துக்குக் கீழே 15 பாகைக்கு இறங்கினால் ஹீட்டரைச் செருகிவிடுங்கள் என்பது பொதுவான அறிவுரை. அதையும் இரவு முழுக்கச் செருகி வைப்பதில்லை. டைமர் ஒன்றைப் பூட்டி, புறப்படுவதற்கு இரண்டு முதல் நான்கு மணித்தியாலத்துக்கு முன்பு மட்டும் மின்சாரம் கொடுக்கிறார்கள்.

நமது குளிர் எவ்வளவு?

பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 680 மீற்றர் உயரம். பண்டாரவளை 1,200 மீற்றருக்குச் சற்று மேல். அப்புத்தளை 1,400 மீற்றரையும் தாண்டும். பண்டாரவளையிலும் வெலிமடையிலும் கடும் குளிர் விடியல்களில் வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்குவதுண்டு. நம் அயலில் உள்ள நுவரெலியாவில் சில வருடங்களில் ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் உறைபனி படியும். உடம்புக்கு இது பெரிய குளிர்தான். எஞ்சினுக்கு இது குளிரே அல்ல.

இதற்குச் சாட்சி நமது கடைகளில் விற்கும் எஞ்சின் ஒயில் டின்னிலேயே இருக்கிறது. 15டபிள்யூ-40 என்று எழுதியிருப்பதில் 'டபிள்யூ' என்ற எழுத்து குளிர்காலத்தைக் குறிப்பது. 15டபிள்யூ என்ற தரத்தைப் பெற வேண்டுமானால், அந்த ஒயில் பூச்சியத்துக்குக் கீழே 20 பாகையில் எஞ்சினைச் சுழலவிடும் அளவுக்கு இளகியிருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. அப்படிப்பட்ட ஒயிலை ஊற்றிய நல்ல எஞ்சின், பண்டாரவளையின் 10 பாகையில் எழும்பாமல் இருப்பதற்குக் காரணமே இல்லை. அது எழும்பவில்லையென்றால் குளிரில் குற்றம் இல்லை. வண்டியில் எங்கோ ஒரு கோளாறு இருக்கிறது. குளிர் அதைக் காட்டிக்கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே ஹீட்டர் பூட்டுவது, காய்ச்சலுக்குக் காரணம் தேடாமல் போர்வைக்கு மேல் போர்வை போடுவதைப் போன்றது. கோளாறு உள்ளேயே இருக்கும். ஒரு நாள் ஹீட்டரையும் மீறி, நடுவழியில் நிறுத்திவிடும்.

கோளாறு எங்கே?

பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி இருக்கிறது. டீசல் எஞ்சினில் அது இல்லை. காற்றை உள்ளே இழுத்து, அதைப் பதினாறு இருபது மடங்காக அமுக்கும்போது காற்று 500 பாகைக்கு மேல் சூடேறும். அந்தச் சூட்டில் டீசலைத் தெளித்தால் தானாகவே தீப்பிடிக்கும். ரூடொல்ஃப் டீசல் 1890களில் கண்டுபிடித்த இந்த முறைதான் இன்றும் நமது லொறிகளில் நடக்கிறது. இது நடக்க எஞ்சின் வேகமாகச் சுற்ற வேண்டும், காற்று ஒழுகாமல் அமுங்க வேண்டும், உள்ளே ஓரளவு சூடு இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்றைக் கெடுக்கும் காரணங்களைத்தான் நாம் தேட வேண்டும்.

முதலாவது பெட்டரி. 27 பாகையில் 100 பங்கு சக்தி கொடுக்கும் பெட்டரி, 10 பாகையில் ஏறக்குறைய 90 பங்குதான் கொடுக்கும். பூச்சியத்தில் 80 பங்காகும். புதிய பெட்டரிக்கு இந்தக் குறைவு ஒரு பொருட்டல்ல. ஏற்கனவே பாதி செத்த பெட்டரிக்கு அதுவே போதும். இரவு நிறுத்தி வைத்த பெட்டரியைக் காலையில் மீற்றர் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.2 வோல்ட் என்றால் பாதிதான். செல்ப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பெட்டரியை நம்ப வேண்டாம். 24 வோல்ட் லொறிகளில் இரண்டு பெட்டரிகள் உண்டு. செலவுக்குப் பயந்து ஒன்றை மட்டும் புதிதாக மாற்றினால், பழையது புதியதையும் சேர்த்துக் கெடுத்துவிடும். மாற்றினால் இரண்டையும் மாற்றுங்கள். அதற்கு முன் டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பூவைக் கழுவுங்கள், எர்த் வயரை இறுக்குங்கள். பல நேரம் பெட்டரியில் பிழை இருக்காது, இந்த இணைப்புகளில்தான் இருக்கும்.

இரண்டாவது ஹீட்டர் பிளக். கராஜில் 'ஹீட்டர்' என்று சொன்னாலே பாஸ்மார் இதைத்தான் நினைப்பார்கள். புளொக் ஹீட்டர் வேறு, இது வேறு. சிலிண்டருக்குள் சில வினாடிகள் சிவந்து எரிந்து, முதல் தீக்கு உதவுவது இது. திறப்பைத் திருப்பியதும் டாஷ்போர்டில் சுருள் வடிவில் ஒரு விளக்கு எரியும். அது அணையும் வரை செல்ப் அடிக்கக் கூடாது. அவசரக்காரச் சாரதிகள் அதைப் பொறுப்பதில்லை. நான்கு பிளக்கில் ஒன்று செத்தால் எஞ்சின் நடுங்கிக்கொண்டு, வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு எழும்பும். அந்த வெள்ளைப் புகை எரியாத டீசல், அதாவது நமது பணம். ஒரு பாஸ் மீற்றர் வைத்து நான்கையும் சோதிக்க அதிக நேரம் எடுக்காது. பெரிய லொறிகள் சிலவற்றில் இந்தப் பிளக் இல்லை என்பதையும் தெரிந்து வைத்திருங்கள்.

மூன்றாவது ஒயில். பழைய லொறிக்குத் தடித்த ஒயில் நல்லது என்று 40 என்ற ஒற்றை இலக்க ஒயிலை ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த ஒயிலுக்குக் குளிர்ச் சோதனையே கிடையாது. காலையில் அது பாணியைப் போல் கிடக்கும். ஸ்டார்ட்டர் மோட்டர் திணறும், மேலே ஒயில் ஏறும் வரை உலோகமும் உலோகமும் உராயும். உற்பத்தியாளர் புத்தகத்தில் சொன்ன இலக்கத்தைப் பாருங்கள். பெரும்பாலான லொறிகளுக்கு 15டபிள்யூ-40 பொருந்தும்.

நான்காவது தேர்மோஸ்டாட் வால்வு. இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மலையேறும்போது எஞ்சின் சூடாகிறது என்று இந்த வால்வைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. எஞ்சின் 80 பாகை அளவுக்குச் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் பிடித்து வைப்பதுதான் இந்த வால்வின் வேலை. அது இல்லாவிட்டால் முதல் நிமிடத்திலிருந்தே தண்ணீர் குளிர்ந்துகொண்டிருக்கும். எஞ்சின் ஒருபோதும் தன் சரியான சூட்டுக்கு வராது. டீசல் கூடுதலாகப் போகும், ஒயிலில் கரி சேரும், சிலிண்டர் தேயும். தேய்ந்தால் காற்று ஒழுகும். காற்று ஒழுகினால் காலையில் எழும்பாது. ஆக, மத்தியான வெயிலுக்குப் பயந்து கழற்றிய வால்வுதான் காலைக் குளிரில் நம்மைத் தள்ளவைக்கிறது. மலையேறும்போது எஞ்சின் கொதித்தால் அடைபட்ட ரேடியேட்டரையும், தளர்ந்த ஃபேன் பெல்ட்டையும், குறைந்த தண்ணீரையும் பாருங்கள். இயற்கையாக வரும் சூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, மின்சாரத்தில் சூட்டை விலைக்கு வாங்குவது எந்த வியாபாரக் கணக்கிலும் அடங்காது.

ஆபத்தான குறுக்கு வழிகள்

டீசலில் மண்ணெண்ணெய் கலப்பது ஒன்று. டீசல் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் மசகு கொடுப்பதே டீசல்தான். மண்ணெண்ணெயில் அந்தத் தன்மை குறைவு. மிச்சம் பிடித்த சில நூறு ரூபா, பம்ப் வேலைக்குப் போகும்போது பல ஆயிரமாகத் திரும்பி வரும். குளிர் நாடுகளில் டீசலில் மெழுகு உறைந்து ஃபில்டர் அடைபடும் என்பது உண்மை. அதற்காக அங்கே குளிர்கால டீசல் தனியாக விற்கிறார்கள். நமது குளிரில் பெரும்பாலும் தொல்லை கொடுப்பது மெழுகு அல்ல, டாங்கிக்குள் சேரும் தண்ணீர். ஃபில்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தித் தண்ணீரை வடிப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஈதர் ஸ்பிரேயைக் காற்றுக் குழாயில் அடிப்பது இன்னொன்று. ஹீட்டர் பிளக் சிவந்திருக்கும் எஞ்சினில் இதை அடித்தால் நேரம் தவறி வெடித்து பிஸ்டனை உடைத்துவிடும்.

இறக்கத்தில் நிறுத்தி, காலையில் உருட்டி ஸ்டார்ட் பண்ணுவது மலைநாட்டுக்கே உரிய வழக்கம். எஞ்சின் ஓடாத லொறியில் பிரேக்குக்கு உதவி கிடைக்காது, ஸ்டியரிங் இறுகும். கியர் பிடிக்காமல் போனால் அந்த இறக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்று யாருக்கும் தெரியாது.

அரை மணித்தியாலம் உறுமவிடும் கணக்கு

எழும்பிய லொறியை "சூடாகட்டும்" என்று அரை மணித்தியாலம் நின்ற இடத்தில் ஓடவிடுகிறவர்கள் உண்டு. சிறிய லொறி எஞ்சின் சும்மா ஓடினால் மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றர் அளவில் டீசல் குடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு அரை லீற்றர். மாதம் 26 நாளுக்கு 13 லீற்றர். வருடத்துக்கு 156 லீற்றர். 2022 ஜூன் இறுதியில் ஒரு லீற்றர் டீசல் 460 ரூபாவுக்கு ஏறியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த விலையில் இது 71,760 ரூபா. நான்கு ஹீட்டர் பிளக்கும் ஒரு தேர்மோஸ்டாட்டும் வாங்கிப் பூட்டி, மீதியை வியாபாரத்தில் போடக்கூடிய பணம் இது.

நின்ற இடத்தில் ஓடும் டீசல் எஞ்சின் சீக்கிரம் சூடாவதும் இல்லை. எழும்பி, ஒயில் விளக்கு அணைந்து, ஓரிரு நிமிடம் போனால் போதும். பிறகு முதல் நான்கைந்து கிலோமீற்றரை மெதுவாக, மிதிக்காமல் ஓட்டினால் எஞ்சின் தானாகச் சூடாகிவிடும். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. காற்று பிரேக் உள்ள லொறியென்றால், காற்று மீற்றர் உரிய அளவுக்கு ஏறும் வரை அசைக்கவே கூடாது. பெரகலையிலிருந்து ஹல்துமுல்லைப் பக்கம் இறங்கும் பாதையையும், எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் பாதையையும் அறிந்தவர்களுக்கு ஏன் என்று விளக்கத் தேவையில்லை. இன்னொன்று, கதவு மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள். புகையில் இருக்கும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. ஆளைக் கொன்றுவிடும்.

ஹீட்டருக்கு ஊவாவில் வேலையே இல்லையா?

இருக்கிறது. ஆனால் லொறியில் அல்ல, ஜெனரேட்டரில். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் வெட்டப்பட்ட காலத்தை நினைத்துப் பாருங்கள். தேயிலை பெக்டரியில் அரைத்த கொழுந்து நிறம் மாறிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால், உரிய நேரத்தில் அதை ட்ரையருக்கு அனுப்ப முடியாது. நேரம் கடந்த தேயிலைக்குச் சுவையும் இல்லை, ஏலத்தில் விலையும் இல்லை. வைத்தியசாலையின் நிலைமை அதைவிடப் பெரியது. இப்படிப்பட்ட இடங்களில் ஜெனரேட்டர் சில வினாடிகளில் எழும்பி, முழுச் சுமையையும் ஒரே மூச்சில் தாங்க வேண்டும். லொறியைப் போல் முதல் ஐந்து கிலோமீற்றர் மெதுவாகப் போக அதற்கு அவகாசம் இல்லை. குளிர்ந்த எஞ்சினில் திடீரென முழுச் சுமை ஏற்றினால் தேய்மானம் அதிகம். சில வேளை நின்றே போகும். அதனால்தான் பெரிய ஜெனரேட்டர்களில் தண்ணீரைச் சூடாக வைத்திருக்கும் ஹீட்டர் சேர்ந்தே வருகிறது. சில நாடுகளில் அவசர ஜெனரேட்டர்களுக்கு அதை விதியாகவே வைத்திருக்கிறார்கள்.

குளிர் அறை, பெரிய பேக்கரி, ஹோட்டல் நடத்துகிறவர்கள் தங்கள் ஜெனரேட்டரில் இந்த ஹீட்டர் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் ஓடாத நேரத்தில் புளொக்கைத் தொட்டால் இளஞ்சூடாக இருக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் கொயில் எரிந்துவிடும். ஆகவே கூலன்ட் மட்டத்தையும் ஹோஸ் பைப்புகளையும் வாரம் ஒருமுறை கவனிக்க வேண்டும். ஆயிரம் வொட் ஹீட்டர் ஒன்று நாளில் பாதி நேரம் வேலை செய்தால் 12 யூனிட் மின்சாரம் போகும். அந்தச் செலவை, மின்சாரம் நின்றால் பழுதாகும் பொருளின் பெறுமதியோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுங்கள். கடைக்கு விளக்கும் ஃப்ரிஜ்ஜும் ஓட்டும் சிறிய ஜெனரேட்டருக்கு இது தேவையே இல்லை.

ஹீட்டர் வாங்கும் யாராக இருந்தாலும் வோல்ட்டைப் பார்க்காமல் வாங்காதீர்கள். நமது மின்சாரம் 230 வோல்ட். ஜப்பானில் 100 வோல்ட், கனடா, அமெரிக்காவில் 120 வோல்ட். 120 வோல்ட் ஹீட்டரை நமது பிளக்கில் செருகினால், அது இழுக்கும் சக்தி ஏறக்குறைய மூன்றரை மடங்குக்கு மேல் போகும். 100 வோல்ட் என்றால் ஐந்து மடங்குக்கும் மேல். டீசலும் ஒயிலும் ஊறிய இடத்தில் அது என்ன செய்யும் என்று யோசியுங்கள். பழைய எஞ்சினில் தொங்கும் வயரை "சும்மா செருகிப் பார்ப்போம்" என்று யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.

2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. வரியும் கூடுதல். நம்மில் பலர் பழைய லொறியையே இன்னும் பல வருடங்களுக்கு ஓட்டியாக வேண்டும். அதனால் குளிர் தொடங்குவதற்கு முன், நவம்பர் மாதத்தில் ஒரு நாளை இதற்கென்று ஒதுக்குங்கள். பெட்டரியும் அதன் இணைப்பும், ஹீட்டர் பிளக், ஒயிலின் இலக்கம், தேர்மோஸ்டாட், ஃபில்டரில் தண்ணீர் என்று ஐந்தையும் ஒரு துண்டில் எழுதி பாஸின் கையில் கொடுங்கள். ஒவ்வொன்றையும் பார்த்தபின் கோடு போடச் சொல்லுங்கள். ஐந்தும் சரியாக இருந்தும் லொறி காலையில் எழும்பவில்லையென்றால், சிலிண்டர் அமுக்கத்தைச் சோதிக்கும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். அப்போதும் ஹீட்டர் வாங்கப் பணம் எண்ணாதீர்கள். எஞ்சின் வேலைக்குச் சேர்க்கத் தொடங்குங்கள்.